பிச்சாவரத்தில் எது காடு? செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் நாலு எண்கள். இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் அறிக்கைகளில் தமிழ்நாட்டு அலையாத்திக் காடுகளின் பரப்பு 1987-ல் 23 சதுர கிலோமீட்டர், 1989-ல் 47, 1991-லும் 47, 1993-ல் 21. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் காடு இரண்டே வருடத்தில் இரண்டு மடங்காகி, பிறகு இரண்டே வருடத்தில் பாதிக்கும் கீழே போயிருக்க வேண்டும். அலையாத்தி அந்த வேகத்தில் வளராது. அந்த வருடங்களில் 26 சதுர கிலோமீட்டரை யாராவது மொட்டையடித்திருந்தால் கடற்கரை முழுக்கப் பேச்சாக இருந்திருக்கும். ஆக, மாறியது காடு இல்லை, காட்டைப் பார்த்த விதம். படத்தை மேஜைமேல் விரித்துக் கண்ணால் பார்த்துக் கோடு போட்ட காலம் அது. படத்தின் துல்லியமும் வரைபட அளவும் சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டிருந்தன.

நான் வரைபட வேலை பார்க்கிறவன். ஒரு வேலைக்காகப் பிச்சாவரத்தின் பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிடவேண்டி வந்தபோது இந்த நாலு எண்களும் கண்ணில் பட்டன, அப்போதிருந்தே ஒரு பயம். நான் போடப்போகும் எண்ணும் இந்த மாதிரி ஒரு எண்ணாக இருந்துவிட்டால்? அந்த வேலையில் எங்கே தடுக்கி விழுந்தேன், எங்கே எழுந்தேன், பிச்சாவரத்தின் கதையில் எதையெல்லாம் வானிலிருந்து பார்க்க முடிகிறது, எதைப் பார்க்கவே முடிவதில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடம்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் கால்வாயும் திட்டுமாகக் காடு. மொத்தம் 1,100 ஹெக்டேர், அதில் 51 திட்டுகள், பாதி மரம், ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர், மிச்சம் மணலும் சேறும் என்று ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தபோது காட்டிய பரப்போ 1,478.64 ஹெக்டேர். இரண்டில் ஒன்று தப்பு என்று அர்த்தமில்லை, எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள் என்பதுதான் வித்தியாசம். ஆனால் "பிச்சாவரத்தில் இத்தனை சதவீதம் காடு" என்று யாராவது சொன்னால் எதில் சதவீதம் என்று உடனே கேட்டுவிடுங்கள்.

மரங்கள் நின்றுகொள்வதில் ஒரு வரிசை இருக்கிறது. கால்வாய் ஓரத்தில் சுரபுன்னை, தண்ணீருக்குள் முட்டுக்கொடுத்த மாதிரி வளைந்த வேர்களோடு. படகில் போகிறவர்கள் போட்டோ எடுப்பதெல்லாம் இதைத்தான். அதற்குப் பின்னால் வெண்கண்டல், அலையாத்தி என்று பொதுவாகச் சொல்வோமே அந்த இனம். சேற்றிலிருந்து பென்சில் நட்ட மாதிரி மூச்சுவேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். காட்டின் பெரும்பகுதி இதுதான். இன்னும் உள்ளே போனால் உமரி என்ற உப்புச்செடி, அதைத் தாண்டி வெறும் உவர்மண். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வாங்கிக்கொடுத்த தில்லை மரமும் இங்கே உண்டு, ஆனால் இன்று எண்ணிக்கையில் சிறுபான்மை. அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய அவஸ்தை, கிளையை விலக்கும்போது எச்சரிக்கையாக இருக்கச் சொல்வார்கள்.

இந்த வரிசை படத்திலும் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டேன். தெரியவில்லை. சுரபுன்னைப் பட்டை பல இடங்களில் அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் அகலம்கூட வராது. 30 மீட்டர் சதுரத்துக்குள் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் சுரபுன்னை, கொஞ்சம் வெண்கண்டல் எல்லாம் கலந்து ஒரே நிறமாக வந்து நிற்கும். சுற்றுலாப் பயணி பார்க்கும் பிச்சாவரமும் செயற்கைக்கோள் பார்க்கும் பிச்சாவரமும் கிட்டத்தட்ட வேறு வேறு காடுகள்.

காடு ஏன் செத்தது

பழைய லேண்ட்சாட் படங்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2008-ல் இலவசமாகத் திறந்துவிட்டது. இன்று வீட்டில் உட்கார்ந்துகொண்டே 1980களின் பிச்சாவரத்தைப் பார்க்கலாம். வழக்கமான பொய்வண்ணப் படத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்குச் சிவப்பு நிறம் கொடுப்போம், அதனால் இலை அடர்த்தியாக இருக்கும் இடமெல்லாம் ரத்தச்சிவப்பாகத் தெரியும். 80களின் படத்தில் கால்வாய்களை ஒட்டிச் சிவப்புப் பட்டை, அதற்குள்ளே வட்டமும் நீள்வட்டமுமாக வெறுமை. ரொட்டியின் ஓரத்தை விட்டுவிட்டு நடுவை மட்டும் தின்ற மாதிரி. ஏன் நடுவில் மட்டும் மரம் இல்லை?

நீண்டகாலம் இதற்குச் சொல்லப்பட்ட பதில், உள்ளூர்க்காரர்கள் விறகுக்கு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்பது. படத்தைப் பார்த்தாலே அந்தப் பதிலில் சந்தேகம் வரவேண்டும். விறகுக்கு வெட்டுகிறவன் படகு போகும் ஓரத்தை விட்டுவிட்டு, இடுப்பளவு சேற்றில் நடந்து நடுவில் போய் வெட்டுவானா?

உண்மையான கதை வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970கள் வரை இந்தக் காட்டில் கூப்பு முறை நடந்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, ஒவ்வொரு பகுதியையும் மொட்டையாக வெட்டுவது. சில வருடங்களில் தானாக முளைத்துவிடும் என்ற கணக்கு. மலைக்காட்டில் அந்தக் கணக்கு சரியாக வரலாம், சேற்றுக்காட்டில் வரவில்லை. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றுக்குள் இருந்த தண்ணீர் ஆவியானது, மண் சுருங்கியது, சுருங்கிச் சுருங்கி நடுப்பகுதி தாம்பாளம் மாதிரிக் குழிந்துவிட்டது. ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியே போக வழி இருக்காது. தேங்கிய உப்புத்தண்ணீர் வெயிலில் காய்ந்து மேலும் உப்பாகும். அலையாத்தி உப்பைத் தாங்கும், அதற்கும் ஒரு அளவு இருக்கிறதே. ஓதத்தோடு மிதந்து வந்து விழும் விதைகள் முளைத்து அங்கேயே கருகின. ஓரத்தில் இருந்தது ஏன் பிழைத்தது என்றால், அங்கே தினமும் ஓதம் ஏறி இறங்கி உப்பைக் கழுவிக்கொண்டிருந்தது.

குழிகளைப் படத்தில் அடையாளம் பிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரே வருடத்தின் இரண்டு படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், மழை முடிந்த ஜனவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று. ஜனவரியில் குழி கறுப்பாக இருக்கும், தண்ணீர் நிற்கிறது. மேயில் அதே இடம் வெளுத்துப் பளிச்சென்று இருக்கும், உப்புப் பூத்திருக்கிறது. மழைக்குக் கறுப்பு, கோடைக்கு வெளுப்பு. மணல்மேடு என்றால் இரண்டிலும் வெளுப்பு, கால்வாய் என்றால் இரண்டிலும் கறுப்பு. இந்த ஒரு விஷயத்துக்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், கண் போதும்.

மீன்முள்

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் 1990களில் சேர்ந்து செய்த வேலை இந்தப் புரிதலிலிருந்து தொடங்கியது. செடி நடுவதற்கு முன்னால் தண்ணீருக்கு வழி விட்டார்கள். இயற்கைக் கால்வாயிலிருந்து குழிக்குள் ஒரு முதன்மை வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் அச்சு அசலாக மீன்முள். ஓதம் உள்ளே வந்து கழுவிக்கொண்டு திரும்பிப் போக ஆரம்பித்ததும் உப்பு இறங்கியது, நட்ட வெண்கண்டல் பிடித்தது. பக்கத்துக் கிராமத்து மக்களைக் குழுவாகச் சேர்த்து அவர்களோடு சேர்ந்து நடத்திய திட்டம் இது. வாய்க்காலில் சேறு படியும், வருடா வருடம் தூர்வார ஆள் வேண்டும், அதனால் வேறு வழியும் இல்லை.

செல்வம் முதலானோர் 2003-ல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, 1986 படத்தையும் 2002 படத்தையும் ஒப்பிட்டு, பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியிருக்கிறது என்றது. இந்த எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள்.

நம்பலாமா? நம்பலாம் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் எண்ணைப் பார்த்து இல்லை, இடத்தைப் பார்த்து. அதற்கு ஒரு சின்னக் கணக்கு போடவேண்டும்.

200 மீட்டருக்கு 200 மீட்டர் ஒரு சதுரத் திட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 4 ஹெக்டேர். ஓரத்துப் பிக்சல்களில் பாதி மரம், பாதி தண்ணீர். அவற்றைக் காடு என்று எடுப்பதா வேண்டாமா என்பது வரைகிறவர் கையில். எல்லை நாலு பக்கமும் அரைப் பிக்சல், அதாவது 15 மீட்டர் உள்ளே நகர்ந்தால் 170க்கு 170, 2.89 ஹெக்டேர். வெளியே நகர்ந்தால் 230க்கு 230, 5.29 ஹெக்டேர். ஒரு மரம்கூடச் சாகவில்லை, ஒரு மரம்கூட முளைக்கவில்லை, ஆனால் கணக்கில் காடு 80 சதவீதத்துக்கு மேல் "கூடிவிட்டது". பிச்சாவரம் மாதிரி எங்கு பார்த்தாலும் ஓரமாக இருக்கும் ஒரு காட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படத்தில் பிக்சல் 10 மீட்டர், அரைப் பிக்சல் 5 மீட்டர். அதே திட்டு 3.61-லிருந்து 4.41-க்குள் நிற்கும். நிம்மதி, ஆனால் 2015-க்கு முன்னால் சென்டினல்-2 கிடையாது.

அதனால்தான் இடத்தைப் பார்க்கவேண்டும் என்கிறேன். கூடிய சிவப்பு ஓரங்களில் மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது எல்லைக்கோட்டு விளையாட்டாக இருக்கலாம். பிச்சாவரத்தில் அப்படி இல்லை. முன்பு கறுத்தும் வெளுத்தும் கிடந்த குழிகளுக்குள்ளே, நடுவிலிருந்து சிவப்பு நிறைந்து வருகிறது. கூகுள் எர்த்தில் போய்ப் பாருங்கள், மீன்முள் வாய்க்கால்களே தெரியும், சீப்பை வைத்து வாரின மாதிரி. 30 மீட்டர் படத்தில் வாய்க்கால் தெரியாது, மூன்று மீட்டர் அகல வாய்க்கால் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குதான். காரணம் தெரியாமல் விளைவு மட்டும் தெரியும் படம் அது. காரணத்தைப் பார்க்கத் துல்லியப்படமோ படகோ வேண்டும்.

என் முதல் வரைபடம்

அது குப்பை. ஏன் என்று சொல்கிறேன்.

செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் சென்டினல்-2 படங்களை இழுத்து, மேகம் குறைவான ஒன்றைத் தேடினேன். டிசம்பர் கடைசியில் ஒரு நாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, எடுத்துக்கொண்டேன். என்டிவிஐ என்ற பச்சை அளவுகோலைப் போட்டேன். தெரியாதவர்களுக்காக: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுப்பது. இலை சிவப்பை விழுங்கி அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும், அதனால் எண் ஒன்றை நோக்கி ஏறும். எடுத்துக்காட்டுக்கு, சிவப்பில் 0.03, அகச்சிவப்பில் 0.30 என்றால் 0.82 வரும். சேற்றுக்கு 0.12, 0.15 என்றால் 0.11. தண்ணீருக்கு அனேகமாகப் பூஜ்யத்துக்குக் கீழே. ஒரு வரம்பு வைத்து அதற்கு மேல் எல்லாம் காடு என்று வெட்டினேன். கொள்ளிடக்கரை முழுக்க அலையாத்தி!

டிசம்பரில் கொள்ளிடக்கரையில் என்ன இருக்கும்? சம்பா. கதிர் வாங்கும் நேரத்து நெல்லைவிடப் பச்சையான வஸ்து இந்த மாவட்டத்தில் கிடையாது. தஞ்சை, கடலூர் பக்கம் பிறந்த எந்தப் பிள்ளையும் செய்யாத தப்பு, நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான், திரையைப் பார்த்தால் ஊர் மறந்துவிடுகிறது.

சரி, ஏப்ரல் படத்துக்கு மாறினேன். அலையாத்தி எப்போதும் பச்சை, வயல் ஏப்ரலில் காய்ந்து கிடக்கும், ஆக இரண்டு பருவத்திலும் பச்சையாக இருப்பது மட்டும் காடு என்று விதி வைத்தேன். நெல் போனது. உமரியும் முக்கால்வாசி போனது. ஆனால் கடலோர மணலில் நீளநீளமாகக் கட்டங்கள் மிச்சம் இருந்தன. சவுக்குத்தோப்பு. அதுவும் எப்போதும் பச்சை. அப்புறம் சீமைக்கருவேலம், அது எந்தக் கோடையிலும் சாகாது என்பது நமக்கே தெரியும்.

இங்கேதான் குறுஅலை அகச்சிவப்பு கைகொடுத்தது. இந்த அலைவரிசையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிவிடும். அலையாத்தியின் அடியில் எப்போதும் ஈரச்சேறு, இலை இடுக்கு வழியாக அந்த ஈரம் படத்தில் இருட்டாகப் பதியும். சவுக்கின் அடியில் காய்ந்த மணல், வெளிச்சமாக இருக்கும். ஒரு சங்கடம், சென்டினல்-2-ல் இந்த அலைவரிசை 20 மீட்டர்தான், ஓரங்கள் மறுபடியும் கலங்கும். பரவாயில்லை, சவுக்கு வெளியேறியது. கருவேலம் பாதி வெளியேறியது. மீதிப் பாதி, உவர்த்தண்ணீர் நிற்கும் கரைகளில் முளைத்திருந்தது, இன்னும் அலையாத்தி வேஷத்திலேயே நின்றது.

இன்னொரு தலைவலி ஓதம். இந்தப் பக்கத்துக் கடலில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு, வங்காளத்துச் சுந்தரவனத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். தரை இவ்வளவு தட்டையாக இருந்தால் ஒரு சாண் தண்ணீர் ஏறினாலே எத்தனையோ ஏக்கர் நனையும் என்பது அப்புறம்தான் புத்தியில் பட்டது. செயற்கைக்கோள் எப்போதும் காலை பத்தரை மணிவாக்கில்தான் தலைக்கு மேல் போகும், ஓதமோ நாளுக்கு முக்கால் மணிநேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். ஆக ஒரு படம் ஏற்றத்தில், அடுத்தது வற்றலில். இலை அடர்ந்த முழங்கால் உயரக் கன்றுகள் ஏற்றத்தில் தண்ணீராகத் தெரிகின்றன, வற்றலில் காடாகத் தெரிகின்றன. தேதியை எழுதாமல் பரப்பை எழுதுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை. நான் கடைசியில் மூன்று மாதப் படங்களை அடுக்கி நடுமதிப்பு எடுத்தேன், அதுவும் சமாளிப்புதான்.

ரேடாரைப் பற்றி இரண்டு வரி. மேகத்தைத் துளைக்கும், இரவில் வேலை செய்யும். நீண்ட அலை ரேடார் இலைகளைத் தாண்டி உள்ளே போய், தண்ணீரில் பட்டுத் தண்டில் மோதித் திரும்பும், அதனால் தண்ணீரில் நிற்கும் காடு மிகப் பிரகாசமாகத் தெரியும். உலக அளவில் அலையாத்தியைக் கண்காணிக்கும் குளோபல் மேங்குரோவ் வாட்ச், ஜப்பானின் இந்த வகை ரேடாரையும் லேண்ட்சாட்டையும் சேர்த்துத்தான் அடித்தள வரைபடத்தைப் போட்டது. என் வேலைக்கு இலவசமாகக் கிடைத்தது சென்டினல்-1, அதன் அலை ஐந்தரை சென்டிமீட்டர் சொச்சம், இலையிலேயே சிதறிவிடும். இறால் குட்டைகளைப் பிரித்தெடுக்க மட்டும் பிரமாதமாக உதவியது, சதுரம் சதுரமாகக் கறுப்பு.

படகில்

கண்ணால் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியலைப் போனில் ஏற்றிக்கொண்டு போனேன். பெரும்பாலும் வரைபடத்துக்கே சந்தேகமாக இருந்த இடங்கள். படகு ஓட்டிய அண்ணன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதுல பாதிக்குப் படகு போவாது தம்பி, இறங்கி நடக்கணும், வேட்டி கட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். இறங்கினேன். முழங்கால் வரை சேறு, அதற்குள் மூச்சுவேர்கள், செருப்பு முதல் பத்தடியிலேயே காணாமல் போனது.

முதல் இடம், நான் காடு என்று நிறம் போட்டிருந்த கரை. கருவேலம். முள்ளைப் பார்த்ததும் அண்ணன் சிரித்தார். இரண்டாவது இடம் சரியாக வந்தது. மூன்றாவது இடத்தைத்தான் மறக்க முடியவில்லை. வரைபடத்தில் "சேறு" என்று இருந்தது, போய்ப் பார்த்தால் வெண்கண்டல் கன்றுகள், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, ஒரு அடிக்கு ஒன்று, யாரும் நடாமல் தானாக வந்தவை. தூர்ந்துபோயிருந்த ஒரு பழைய கிளை வாய்க்காலில் ஏதோ ஒரு வெள்ளம் வழியைத் திறந்துவிட்டிருக்கிறது போல. ஒரு கன்றின் இலையை நாக்கில் தொட்டுப் பாருங்கள் என்றார் அண்ணன், உப்பு. வெண்கண்டல் உப்பை இலைவழியாக வெளியேற்றும் என்று படித்ததுதான், நாக்கில் பட்ட பிறகு மறக்காது. அந்தக் கன்றுகளின் நிழல் மொத்தமாகச் சேர்ந்தாலும் பிக்சலில் பத்தில் ஒரு பங்கை மூடாது. செயற்கைக்கோளைப் பொறுத்தவரை அங்கே இன்னும் ஒன்றும் இல்லை.

அதே கால்வாயில் இருளர் குடும்பங்கள் கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டே, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது, ஓலையில் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு, பிடித்த இறாலை அதில் போடுகிறார்கள். எந்தத் திட்டின் அடியில் சேறு இளகியிருக்கிறது, எங்கே புதிதாக வேர் இறங்கியிருக்கிறது என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். என் பட்டியலில் இருந்த இன்னொரு குழியைப் பற்றி விசாரித்தபோது வயதான ஒருவர், அங்கே ஐந்தாறு வருடமாக இறால் வருவதில்லை, வாய்க்கால் வாய் மண் மேடிட்டுவிட்டது என்றார். அறைக்குத் திரும்பி வருட வாரியாகப் படங்களை ஓட்டிப் பார்த்தேன். அந்தக் குழியில் மரங்களின் என்டிவிஐ மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வரம்புக்கு மேலேயே இருந்ததால் என் வரைபடம் அதுவரை "காடு, மாற்றமில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

சுனாமியும் கஜாவும்

பிச்சாவரத்தைப் பற்றிப் பேசினால் 2004 டிசம்பர் 26-ஐத் தவிர்க்க முடியாது. அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பிழைத்தன என்ற பேச்சு அன்றிலிருந்து இருக்கிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து ஆய்வாளர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குக்கிராமங்களை வைத்து, காடு சேதத்தைத் தணித்தது என்று எழுதினார்கள். 2005-ல் டேனியல்சன் முதலானோர் கடலூர் மாவட்டக் கரையின் சுனாமிக்கு முந்தைய, பிந்தைய செயற்கைக்கோள் படங்களை வைத்து, அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்று சயின்ஸ் இதழில் எழுதினார்கள். 2006-ல் கெர், பெயர்டு, கேம்ப்பெல் மூவரும் அந்த 18 ஊர்த் தரவையே திரும்ப எடுத்துக் கணக்குப் போட்டு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்ற இரண்டுமே பெரும்பாலானதை விளக்கிவிடுகின்றன, காடு தனியாகக் கூட்டுவது மிகக் குறைவு என்றார்கள். அலையாத்தி வளர்வதே கடல் நேராக மோதாத ஒதுங்கிய இடங்களில்தானே, அதற்குப் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே உள்ளே தள்ளியிருக்கும்.

காடு அலையைத் தணிக்காது என்று நான் சொல்லவில்லை, தணிக்கும். எவ்வளவு என்பதை இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான். மேடைகளில் இந்த மறுப்பை யாரும் சொல்வதில்லை, கேட்க நன்றாக இருக்காது.

தெற்கே முத்துப்பேட்டையில் வேறு பாடம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தபோது முத்துப்பேட்டைக் காடு நல்ல அடி வாங்கியது. முன்னும் பின்னும் எடுத்த என்டிவிஐ படங்களைக் கழித்தால் காடு செத்துவிட்ட மாதிரித் தெரியும். அவசரப்பட்டால் அதையே எழுதிவிடுவோம். இலை உதிர்ந்த மரமும் செத்த மரமும் புயலுக்கு அடுத்த வாரப் படத்தில் ஒரே நிறம். முத்துப்பேட்டை ஏறக்குறைய முழுக்க வெண்கண்டல், அது ஒடிந்த இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். சுரபுன்னையாக இருந்தால் கதை வேறு, முற்றிய கிளை ஒடிந்தால் அதிலிருந்து துளிர் வராது. ஆக எந்த இனம் என்று தெரியாமல் சேதக் கணக்கு போடக்கூடாது, குறைந்தது அடுத்த ஒரு வருடத்துப் படங்கள் வரும்வரை பொறுக்கவேண்டும். நிவாரணக் கணக்கு கேட்கிறவர்கள் அவ்வளவு நாள் பொறுப்பார்களா என்பது வேறு விஷயம்.

அனுப்பியது

கடைசி வரைபடத்தில் மூன்று நிறம் வைத்தேன். காடு, காடு இல்லை, சந்தேகம். சந்தேகத்தில் அந்தக் கன்று முளைத்த சேறும், கருவேலக் கரைகளும், ஓரத்துக் கலப்புப் பிக்சல்களும். என்டிவிஐ இறங்கிக்கொண்டிருந்த குழிக்கு மட்டும் தனியாக ஒரு கோடு போட்டு, வாய்க்கால் வாயைத் தூர்வார வேண்டும் என்று எழுதினேன், படத்தில் பார்த்தேன் என்று மட்டும் எழுதாமல் அங்கே இறால் பிடிக்கிறவர் சொன்னார் என்றும் எழுதினேன்.

வரைபடம் கேட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மூன்று நிறம் குழப்பமாக இருக்கிறது, மொத்தம் எத்தனை ஹெக்டேர் என்று ஒரே எண்ணாகக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். நான் இரண்டு எண் அனுப்பினேன், சந்தேகத்தைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. எந்த மாதங்களின் படம், எல்லை எங்கே போட்டது, பிக்சல் எவ்வளவு என்று கீழே நாலு வரி. மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. ரொம்ப நன்றி, இரண்டுக்கும் சராசரி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள்.